கடைசியாக வந்தவள்

ரொவானியெமியில் பேருந்துக்கு நிற்பவர்களைப் பார்த்தால், சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகள் என்றுதான் தோன்றும். கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பகையெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவ்வளவுதான். கேள்வி கேட்பதும் தொந்தரவில்தான் சேர்த்தி.

தெஸ்பினாவுக்கு இது பிடிபட வெகு நாள் ஆயிற்று. அவள் ஊர் கிரேக்கத்துக் கடற்கரையில் இருக்கும் வோலோஸ். அங்கே மீன் வாங்கப் போனால், அத்தையின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்காரர் தராசைத் தொடமாட்டார். அப்படி வளர்ந்த பெண், பரிமாற்ற மாணவியாக ஒரு வருடம் படிக்க பின்லாந்தின் இந்த வடமூலைக்கு வந்தாள். வந்த புதிதில் பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்று அவளுக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை.

ரயிலடிக்கு வந்து அவளை அழைத்துப் போனவள் சைமி. புதிதாக வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் உள்ளூர் மாணவி ஒருத்தியைத் துணைக்குப் போடும். அப்படி வாய்த்த துணை. நெட்டை, ஒல்லி, புருவம் இருப்பதே தெரியாத வெளுத்த முடி. இருவருக்கும் ஒரே வீடு. மூன்று அறை, பொதுவாக ஒரு சமையலறை. ஒரு அறை சைமிக்கு, ஒன்று ஹெத்தா என்ற இன்னொரு மாணவிக்கு, மூன்றாவது தெஸ்பினாவுக்கு. அந்த அறைக் கதவைத் திறந்தபோது சன்னல் விளிம்பில் பாதி குடித்த காப்பிக் கோப்பை ஒன்று இருந்தது. தலையணையில் யாரோ தலை வைத்த பள்ளம்கூட இன்னும் எழும்பவில்லை.

"இது யாரோட கோப்பை?" என்றாள் தெஸ்பினா.

சைமி அதை எடுத்துப் போய்க் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். "இனிமே உன்னோடது" என்றாள். அந்த வீட்டில் தெஸ்பினாவிடம் அன்று பேசப்பட்ட பேச்சே அவ்வளவுதான்.

இலையுதிர்காலம் முழுக்க அவள் தனிமையில் வெந்தாள். அதை மூடி மறைப்பானேன்? வகுப்பில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையலறையில் ஹெத்தா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச வார்த்தை தேடுவதற்குள் ஹெத்தா எழுந்து போய்விடுவாள். அறைக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் தங்கமானவர்கள் என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு அழுவாள். ஆனாலும் வீம்புக்காரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். வாசலிலேயே செருப்பைக் கழற்ற, இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படும்படி கோட்டில் பளபளப்பு வில்லையைத் தொங்கவிட, சௌனாவின் வெந்நீராவியில் கூச்சமில்லாமல் உட்கார, எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சில் இடைவெளி விழுந்தால் அதை விழுந்தபடியே விட்டுவிட.

கீழ்வீட்டு இல்மரிதான் முதலில் அதைக் கவனித்தான். ஹெத்தாவின் காதலன் அவன். அந்தக் கூட்டத்துக்கே சேர்த்து வாய் அவனுக்குத்தான் இருந்தது. "நேத்து பஸ்ல இவ பத்து நிமிஷம் வாயத் திறக்கல. குடியுரிமையே குடுத்துடலாம்" என்றான். சைமி சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக தெஸ்பினா எத்தனை வாரம் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நவம்பர் கடைசியில், மதியச் சாப்பாடு முடிவதற்குள் இருட்டிவிடும் காலத்தில், சைமி வந்து அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"சனிக்கிழமை காட்டுக் குடிலுக்குப் போறோம். நீயும் வாயேன்டி."

குடிலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். தெஸ்பினா அன்று அம்மாவிடம் போனில் பேசியபோது, வைத்த பிறகு அழவில்லை.

சாலையிலிருந்து ஒரு மணி நேரம் பனியில் நடந்தால் குடில் வரும். பூட்டு கிடையாது. யாரும் வரலாம், தங்கலாம். கிளம்பும்போது அடுத்து வருகிறவர்களுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். படுக்க ஒரு பலகை மேடை, சரியாக நாலு பேர் நீட்டிப் படுக்கிற அகலம். எப்போதும் சைமிதான் முன்னால் ஓடிப்போய் அடுப்பு மூட்டுவாள். அன்று தெஸ்பினா விடவில்லை.

"நான் போறேனே. அடுப்பு மூட்ட எனக்கும் தெரியும்னு காட்டறேன்."

சைமி நின்றாள். எதையோ யோசிப்பவள்போல் அவளைப் பார்த்தாள். பிறகு, "சரி, போ. நீயே முதல்ல போ" என்றாள்.

"சட்டத்தைச் சொல்லிட்டியா அவகிட்ட?" என்றான் இல்மரி.

"என்ன சட்டம்?"

"குடில் நிறைஞ்சிருக்கறப்ப புதுசா ஒருத்தர் வந்தா, கடைசியா வந்தவங்களுக்குத்தான் இடம். முதல்ல வந்தவங்க எழுந்து போயிடணும்."

தெஸ்பினாவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாம் தலைகீழா இருக்கே. எங்க ஊர்ல முதல்ல வந்து துண்டு போட்டவங்களுக்குத்தான் கடற்கரை நாற்காலி."

"கடற்கரையில யாரும் விறைச்சுச் சாகமாட்டாங்க" என்றாள் ஹெத்தா. "கடைசியா வர்றவதான் ரொம்ப நேரம் குளிர்ல கெடந்தவ. முதல்ல வந்தவ நல்லா குளிர் காய்ஞ்சிருப்பா. நியாயம்தானே?"

நியாயமாகத்தான் பட்டது. தெஸ்பினா சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினாள்.

அவள் மூட்டிய அடுப்பு ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. மற்றவர்கள் வந்து சேரும்போது குடிலுக்குள் கதகதப்பு பரவியிருந்தது. இல்மரி தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். சைமி சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்தாள். கறுப்பு ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றுகொண்டு, யாரும் எதுவும் பேசாமல், நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம் தெஸ்பினாவை உறுத்தவில்லை. வந்ததிலிருந்து முதல் தடவையாக, தான் இங்கே இருப்பவள் என்று தோன்றியது.

அப்போது கதவு திறந்தது.

ஒரு பெண் நின்றாள். இவர்கள் வயதுதான். சாம்பல் நிறக் கோட்டு, அதில் வில்லை இல்லை. கையிலும் தலையிலும் விளக்கில்லை. அந்தக் கும்மிருட்டில் எதைப் பார்த்து நடந்து வந்தாள் என்று தெஸ்பினா யோசிப்பதற்குள் மற்ற மூவரும் எழுந்துவிட்டார்கள். ஹெத்தா அவள் கோட்டை வாங்கி மாட்டினாள். இல்மரி அடுப்போரம் இடம் விட்டான். சைமி சூப் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"எங்கேர்ந்து வர்ற?" என்றாள் தெஸ்பினா.

ஹெத்தாவின் முகம் சுருங்கியது. "முதல்ல அவ சாப்பிடட்டும்."

அந்தப் பெண் ஆவி பறக்கும் சூப்பை ஊதாமல் குடித்தாள். அடுப்புக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்தும் அவள் தலைமுடியில் இருந்த பனி உருகவில்லை. தெஸ்பினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பை காலியான பிறகுதான் முதல் சொட்டு விழுந்தது.

இல்மரி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "தெஸ்பினா, நீதானே முதல்ல வந்த?"

அவள் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

"நான் தரையில படுத்துக்கறேன்."

"தரை ஈரமா இருக்கும்மா. காய்ச்சல் வந்துடும்" என்றாள் ஹெத்தா, நிஜமான அக்கறையோடு.

"விளையாடறீங்களா எல்லாரும்?"

சைமி ஆணியிலிருந்து தெஸ்பினாவின் கோட்டை எடுத்து, விருந்தாளிக்குப் பிடிப்பதுபோல் விரித்துப் பிடித்தாள். "பாதை ஓரமா கம்பு நட்டிருக்கு, வழி தப்பாது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. ஃப்ளாஸ்க்ல காப்பி ஊத்தி வெச்சிருக்கேன்."

இல்மரி தன் நெற்றி விளக்கைக் கழற்றி அவளுக்கு மாட்டி, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தான். யார் முகத்திலும் கடுகளவு கெட்ட எண்ணம் இல்லை. சண்டை போட்டுத் துரத்தியிருந்தால் நின்று சண்டை போட்டிருப்பாள். இவர்களோ, ரயிலில் முதியவருக்கு எழுந்து இடம் கொடுக்கச் சொல்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து கதவருகே நின்றாள். இதோ கூப்பிடப்போகிறார்கள், இல்மரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறான் என்று காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விளக்கைத் தரையில் அடித்துப் பார்த்தாள். பாதையில் இவர்கள் நாலு பேரின் தடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் தடம் பாதையிலிருந்து வரவே இல்லை. குடிலின் பக்கவாட்டில் சன்னலுக்குக் கீழே தொடங்கி, சுவரை ஒட்டி வாசலுக்கு வந்திருந்தது. சன்னலுக்குக் கீழே பனி மிதிபட்டு, இறுகி, பளிங்குபோல் ஆகிக் கிடந்தது. வெகு நேரம் ஒரே இடத்தில் நின்று உள்ளே பார்த்தவளின் கால் மிதித்த இடம். இவள் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அங்கே நின்றிருக்க வேண்டும்.

தெஸ்பினாவும் அதே இடத்தில் நின்று உள்ளே பார்த்தாள். மேடையில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். சைமி பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் தெஸ்பினா ஓட்டமும் நடையுமாகச் சாலைக்குப் போனாள்.

மறுநாள் அவர்கள் வீடு திரும்பியபோது அந்தப் பெண்ணும் கூட வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள், நேரே சமையலறைக்குப் போனாள், அலமாரியைத் திறந்தாள், தெஸ்பினாவின் கோப்பையை எடுத்துக் காப்பி ஊற்றிக்கொண்டாள். எது எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

"இவ எதுக்கு இங்க வந்தா?" தெஸ்பினா சைமியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய்க் கேட்டாள்.

"வந்திருக்கா. கடைசியா வந்தவ அவதானே."

"அது குடிலோட சட்டம். இது வீடு."

"எல்லாம் ஒண்ணுதான்டி" என்றாள் சைமி. "நீ இங்க எவ்வளவு நாளா இருக்க. நல்லா குளிர் காய்ஞ்சாச்சு, நல்லா சாப்பிட்டாச்சு. இல்லையா?" அவள் குரலில் அத்தனை கனிவு.

சாயங்காலம் தெஸ்பினா வெளியே போய்விட்டு வந்தபோது அவளுடைய பெட்டி தாழ்வாரத்தில் இருந்தது. துணிகளைக் கசங்காமல் மடித்து, உடையக்கூடியதைக் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த நேர்த்தி சைமியுடையது.

விடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற அம்மாள் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அப்போ, ஊருக்கு எப்போ கிளம்பறீங்க?" என்று புன்னகைத்தாள். வகுப்பில் அவள் இருக்கையில் அந்தப் பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் தெஸ்பினாவைப் பார்த்தார். பார்த்து, வழி தவறி வந்தவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு கதவைத் திறந்து பிடித்தார். நிறுத்தத்தில் அவள் கை காட்டினால் சில நாள் பேருந்து நின்றது, சில நாள் நிற்கவில்லை.

ஊருக்கே போய்விடலாம் என்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்னடா கண்ணு, இப்பதானே பேசி வெச்ச?" என்றாள் அம்மா. "எதையாவது சொல்ல மறந்துட்டியா?"

"அம்மா, நான் இன்னிக்குப் பேசவே இல்லையே."

"கிண்டலா? ஒரு மணி நேரம் பேசினியே. குரல் தெளிஞ்சிருக்கு, இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்குன்னு நான்கூடச் சொன்னேனே." கொஞ்சம் நிறுத்தி, அம்மா வேறு குரலில், வாசலில் நிற்கும் யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல் கேட்டாள்: "யாரும்மா பேசறது?"

தெஸ்பினா போனை அணைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வோலோஸிலும் இடம் போய்விட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை எப்போதும் சூடாக இருக்கும். அங்கே பெஞ்சில் படுத்துக்கொண்டாள். துணி எடுக்க வந்தவர்கள் அவளை எழுப்பாமல், சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த ஊர்க்காரர்களின் நல்ல குணம் என்று முன்பு அவள் அம்மாவிடம் எதைச் சொல்லி மெச்சினாளோ, அதுவே இப்போது அவளை உயிரோடு புதைத்துக்கொண்டிருந்தது. ஒருவர், ஒரே ஒருவர், "நீ யாரு, இங்க என்ன பண்ற?" என்று கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள்.

வியாழக்கிழமை மாலை பெண்களின் சௌனா முறை. சௌனாவும் அடித்தளத்தில்தான். எல்லாரும் போன பிறகு உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்து தெஸ்பினா கதவைத் தள்ளினாள். மேல் பலகையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். காய்ந்த கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, எழும்பிய ஆவியில் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெக்கையிலும் அவள் உடம்பில் ஒரு துளி வியர்வை இல்லை.

"உட்காரு" என்றாள். "கதவைச் சாத்து. சூடு போகுது."

"நீ எந்த ஊரு?"

"போன வருஷம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப ஞாபகமில்ல." அவள் பேச்சில் வருத்தமில்லை. "நானும் உன்ன மாதிரிதான், படிக்க வந்தேன். இந்த வீட்டுக்கு சைமிக்கு முன்னால, எல்லாருக்கும் முன்னால வந்தவ நான். காப்பி குடிச்சிட்டிருந்தேன். ரயிலடியிலேர்ந்து ஒருத்தி வர்றா, நீ கிளம்பும்மான்னாங்க. பாதிக் கோப்பையோட எழுந்து போனேன்."

தெஸ்பினா கீழ்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவை கேட்ட, யாரோட கோப்பைன்னு" என்றாள் அந்தப் பெண். "கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். உன் குரல் கேட்டுச்சு. நல்ல பொண்ணு, தேடுவான்னு நெனச்சேன். அப்புறம் நீ கேட்கவே இல்ல. அந்தக் கோப்பையிலயே தினம் குடிச்ச."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். எனக்கும் தெரியாது, எனக்கு முன்னால அந்த அறையில யார் இருந்தான்னு. நானும் கேட்டதில்ல." இன்னொரு அகப்பை தண்ணீரை ஊற்றினாள். "உம்மேல எனக்குக் கோபமில்ல. வெளிய போனேன், கடைசியா உள்ள வந்தேன். அவ்வளவுதான். அந்த வழி எனக்கு மட்டும்தான்னு யாரும் சொல்லலையே."

"அப்போ நான் வந்தா நீ போயிடுவியா?"

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "நான் இனிமே எங்கயும் முதல்ல போகமாட்டேன்டி. நீ குடிலுக்கு வர்றப்ப யார் முதல்ல வந்திருக்காங்கன்னு பாத்துக்க. அத மட்டும் பாத்துட்டு அப்புறம் கதவைத் திற."

டிசம்பர் ஆறாம் தேதி, நாட்டின் சுதந்திர நாள். வீட்டுக்கு வீடு சன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சைமியின் கூட்டம் அதைக் குடிலில் ஏற்றப் போகிறது என்று துவைக்கும் அறையில் ஹெத்தா யாரிடமோ சொன்னது தெஸ்பினா காதில் விழுந்தது. அவர்களுக்கு முந்திய பேருந்தில் போய், குடிலுக்கு எதிரே பைன் மரங்களுக்குள் நின்றுகொண்டாள்.

நின்ற நேரத்தில் நிறைய யோசித்தாள். இல்மரி முதலில் வந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். வாய் உள்ளவன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஹெத்தா வந்தாலும் பரவாயில்லை. வெண்ணெய் தடவிவிட்டு எழுந்து போகிறவள்தானே. இப்படி ஆட்களை நிறுத்திப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கால்விரல்கள் மரத்துப்போனபின் அந்த அருவருப்பும் மரத்துப்போயிற்று.

பாதையில் ஒரு விளக்கு மட்டும் வேகமாக வந்தது. நீள நீளமாக எட்டு வைத்து வரும் நடை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சைமி எப்போதும்போல் அடுப்பு மூட்ட முன்னால் ஓடி வருகிறாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியிலிருந்து புகை எழும்பியது. அப்புறம் இல்மரியும் ஹெத்தாவும் வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், நன்றாக இடைவெளி விட்டு, அந்தப் பெண்.

தெஸ்பினா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய்விடலாம். ஆனால் எங்கே போவது? அந்த பெஞ்சுக்கா? "யாரும்மா பேசறது?" என்று கேட்ட அம்மாவிடமா? இன்னும் கொஞ்ச நாளில் தன் ஊர்ப் பெயரும் மறந்துபோகும்; அப்போது இந்த மரங்களுக்குள் நிற்பது ஒன்றுதான் மிச்சம். அவளுக்குப் பயம், எலும்பு வரைக்கும் பயம். கூடவே இன்னொன்றும் மனசுக்குள் நெளிந்தது. அன்றைக்கு சைமி ஏன் அப்படி நின்று யோசித்தாள்? "நீயே முதல்ல போ" என்று ஏன் சொன்னாள்? தெரிந்தே அனுப்பியிருந்தால்? அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருக்கும் என்று தெஸ்பினா முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு அவளுக்குத் தேவையாக இருந்தது.

நடந்து போய்க் கதவைத் திறந்தாள்.

எல்லாரும் எழுந்தார்கள். ஹெத்தா அவள் கோட்டை வாங்கினாள். இல்மரி அடுப்போரம் தள்ளி உட்கார்ந்து, "வா வா, விறைச்சுப்போய் வந்திருக்க" என்று பலகையைத் தட்டினான். யாரோ ஒரு புதியவளுக்குச் செய்கிற உபசாரம். அந்தப் பெண் மட்டும் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சன்னலில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.

சைமி சூப் ஊற்றி எடுத்து வந்து தெஸ்பினாவின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல்கள் இவள் விரல்மேல் ஒரு கணம் கூடுதலாகத் தங்கின. முகத்தை உற்றுப் பார்த்தாள். எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயல்பவள்போல் அவள் நெற்றி சுருங்கியது.

இல்மரி தொண்டையைக் கனைத்தான். "சைமி, நீதானே முதல்ல வந்த?"

"ஆமா" என்றாள் சைமி.

உட்கார்ந்து பூட்ஸின் நாடாவைக் கட்டினாள். ஹெத்தா ஃப்ளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். "மேலே பெரிய கட்டை எதுவும் போடாதீங்க, புகையும்" என்று அடுப்பைக் காட்டிச் சொல்லிவிட்டு, சைமி விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு கையகலம் திறந்திருந்தது. அந்த இடுக்கின் வழியாகக் குளிர் தரையோடு தரையாக உள்ளே வந்தது. படியில் அவள் நிற்பது தெரிந்தது.

தெஸ்பினா ஒரு வாய் சூப் குடித்தாள். உயிர் திரும்புகிற மாதிரி இருந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

"தெஸ்பினா" என்றது வெளியிலிருந்து சைமியின் குரல். சத்தமாக இல்லை. இருட்டில் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்து, சரிதானா என்று கேட்கிற குரல். "தெஸ்பினா, நீதானா?"

அந்தப் பெயரை யாராவது ஒருவர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று எத்தனையோ நாளாக ஏங்கிக் கிடந்தவள் அவள். இல்மரியும் ஹெத்தாவும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தெஸ்பினா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து அடுப்போரம் உட்கார்ந்தாள்.